கடலில் ஒரு நடவு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பவளம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது நவமணிகளுள் ஒன்றான சிவந்த மணியே. கல்லூரிக்கு வரும் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கடலடியில் வேறு வகைப் பவளங்கள் பல உண்டு, அவை உயிருள்ளவை, அவற்றுக்கும் வாய் உண்டு, வயிறு உண்டு, தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன என்று முதலாண்டு வகுப்பில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பிறர் வயலில் டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவள். திருவாரூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவன் பவளத்தைப் பற்றி எழுத வந்திருப்பது சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் இந்தப் பவளத்தின் பொருட்டு நான் இரண்டாயிரம் ரூபாயை இழந்தவன். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்த்தேன். தொட்டி கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, செத்த மீனை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் எடுப்பது இவையே என் பணிகள். ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் வெளிநாட்டார் வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்க்கும் காட்சிகளைப் பார்ப்பேன். அவர்களுடைய பேச்செல்லாம் ஒன்றே ஒன்றைச் சுற்றியது: பவளத்தை விரைந்து வளர்ப்பது எப்படி?

கேள்வி நியாயமானதே. உருண்டைப் பாறை போல் வளரும் பவளம் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே பருக்கும். மான்கொம்புப் பவளம் மட்டும் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ கிளைவிடும். பவளத்தின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்தின் கழிவைப் பாசி தனக்கு உரமாக எடுத்துக்கொள்கிறது. அந்த உணவின் வலுவில் பவளம் கடல்நீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாக்கித் தன் காலடியில் சேர்த்துக்கொண்டே போகிறது. ஜமைக்கா தீவில் ஆராய்ந்த தாமஸ் கோரோ என்பவர் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு அளந்து, இருட்டைவிட வெளிச்சத்தில் பவளம் வேகமாகச் சுண்ணாம்பு சேர்க்கிறது என்பதை 1959-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

ஆகவே தொட்டி வைப்பவர்கள் நீல ஒளி மிகுந்த விளக்கைப் பொருத்துகிறார்கள். நீரை அலைபோல் தள்ளும் பம்பு வைக்கிறார்கள். வெப்பத்தை 25, 26 டிகிரியில் நிறுத்துகிறார்கள். இயற்கையான கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் இருக்கிறது. பவளம் வளர வளரத் தொட்டி நீரில் அது குறைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்ட அவர்கள் கையாளும் பழைய முறை ஒன்றைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் மொழியில் பெரிய பெயர் சொல்கிறார்கள். பார்த்தால் அது சுண்ணாம்புத் தெளிநீர்! எங்கள் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் கிடைப்பது. அதை இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். இரவில் உயிர்கள் விடும் கரியமில வாயுவால் நீரின் காரத்தன்மை இறங்கும். சுண்ணாம்பு நீர் அதையும் சரிசெய்யும்.

இன்னொரு முறை இதைவிட வியப்பானது. அமெரிக்காவின் புளோரிடாவில் டேவிட் வாகன் என்ற ஆய்வாளர் ஒரு தொட்டியிலிருந்து பவளத்தை எடுக்கும்போது கைதவறி அது உடைந்து சிறு துண்டுகள் தொட்டியிலேயே தங்கிவிட்டன. செத்துப்போகும் என்று விட்டவை சில வாரங்களில் மளமளவென்று பரவியிருந்தன. அதிலிருந்து, மெதுவாக வளரும் பவளத்தை வேண்டுமென்றே விரல்நகம் அளவுத் துண்டுகளாக அறுத்து, இடம் விட்டு ஒட்டி வளர்க்கும் முறை பிறந்தது. வெட்டுப்பட்ட ஓரங்களில் பவளம் பல மடங்கு வேகமாகப் படர்கிறது. ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டதும் கூடி ஒன்றாகிவிடுகின்றன.

இதையெல்லாம் பார்த்த எனக்கு அறிவியல் ஆசை மட்டும் உண்டாயிற்று என்று சொன்னால் அது பொய். ஒரு துண்டை ஐந்தாக்கலாம், ஐந்தை இருபத்தைந்தாக்கலாம், ஒவ்வொன்றையும் நல்ல விலைக்கு விற்கலாம் என்று மனம் வாய்ப்பாடு ஒப்பித்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி. நட்டுவிட்டு வந்தால் இரவு முழுவதும் புரண்டு புரண்டு படுப்பாள். இனி நீ வயலுக்குப் போக வேண்டாம் என்று ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்பது என் கனவு. அந்த நாளைச் சீக்கிரம் வரவழைக்க வேண்டும் என்ற பதைப்பு.

கடைக்கு வந்துபோகும் ஒருவர், "உயிர்க்கல் கொண்டுவந்து தருகிறேன், யாரிடமும் சொல்லாதே, முன்பணம் கொடு" என்றார். தேர்வுக் கட்டணத்துக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் என்று அம்மா முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்திருந்த பணத்திலிருந்து இரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். ஏழெட்டு நாள் நடவுக் கூலி அது.

கடல்நீரைச் செயற்கையாக எப்படித் தயாரிப்பது என்று கேட்க எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் போனேன். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்று தொடங்கியவர், "எதற்கப்பா?" என்றார். பெருமையோடு சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வீட்டில் புலிக்குட்டி வளர்ப்பாயா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன என்றும், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு அவற்றுக்கும் உண்டு என்றும், அவற்றைப் பிடிப்பவருக்கும் விற்பவருக்கும் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை உண்டு என்றும் விளக்கினார். "உன் கைக்கு வரும் கல் ஏதோ ஒரு தீவின் அடிவாரத்தில் உளியால் பெயர்க்கப்பட்டதாகத்தான் இருக்கும். வளர்ப்பதற்காக ஒன்றை உடைத்து எடுத்து வருவது என்ன வளர்ப்பு?" என்றார்.

அன்றே அந்த மனிதரைத் தொலைபேசியில் அழைத்துக் கல் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் முதலில் குற்றவாளி நான்தானே!

மனம் சோர்ந்திருந்த என்னைப் பேராசிரியர் மீண்டும் அழைத்தார். "சுண்ணாம்பு சேர்ப்பது பவளம் மட்டுமா? உங்கள் வாய்க்காலில் நத்தை இல்லையா? அதன் ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தான். அதை வளர்த்துப் பார்" என்றார்.

வாய்க்காலில் ஒரே அளவான நத்தைகளாகப் பொறுக்கி, மூன்று பழைய மண்பானைகளில் நான்கு நான்காக விட்டேன். ஒன்றில் மழைநீர். ஒன்றில் மழைநீரோடு பொடித்த முட்டை ஓடு. ஒன்றில் அப்பாயியின் சுண்ணாம்பு. ஓட்டின் விளிம்பில் தங்கையின் நகப்பூச்சால் ஒரு கோடு இட்டேன். கோட்டுக்கு வெளியே வளர்வதை அளந்தால் போதும். "இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் நத்தைக்குக் கொடுத்துவிட்டால் நான் எதைப் போட்டுக்கொள்வது?" என்று அப்பாயி கடிந்துகொண்டாள்.

தெளிநீரைச் சொட்டாக விட வேண்டும் என்று படித்திருந்தும், ஒரு சொட்டு எப்படிப் போதும் என்ற அவசரத்தில் ஓர் எலுமிச்சை அளவுச் சுண்ணாம்பை அப்படியே கரைத்துவிட்டேன். மறுநாள் காலையில் நான்கு நத்தைகளும் மூடியை இறுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் கார அளவு 12-ஐத் தாண்டும் என்பதைப் பாடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

மற்ற இரண்டு பானைகளையும் ஆறு வாரம் வைத்திருந்தேன். மழைநீர்ப் பானையில் ஓடு மெலிந்து வெளுத்தது. வளர்ச்சி கண்ணுக்கே தெரியவில்லை. முட்டை ஓட்டுப் பானையில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருந்தது. வெற்றி என்று துள்ளிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரண்டு பானைகளும் எங்கே இருந்தன?"

முட்டை ஓட்டுப் பானை சன்னலோரம் இருந்தது. அதில் வெயில் பட்டுப் பாசி நிறையப் பிடித்திருந்தது. நத்தைகள் அதைத் தின்றுகொண்டே இருந்தன. மழைநீர்ப் பானை மூலையில் இருட்டில் கிடந்தது. நத்தை வளர்ந்தது சுண்ணாம்பாலா, பாசியாலா? என்னால் சொல்ல முடியவில்லை.

"ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பவளத் தொட்டி வைப்பவர்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான். விளக்கையும் மாற்றுவார்கள், மருந்தையும் ஊற்றுவார்கள், வளர்ந்ததும் தமக்குப் பிடித்ததைக் காரணம் என்பார்கள். உயிர் எதுவானாலும், அதற்கு வேண்டியவற்றுள் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் அதன் வேகத்தை நிர்ணயிக்கும். குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடு. நிறைவாக இருப்பதன்மேல் கொட்டினால் அது நஞ்சாகும்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது, ஏனென்றால் அதை எங்கள் வயலில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அப்பா மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டார். கடன் சீக்கிரம் அடைய வேண்டுமே என்று யூரியாவை அள்ளி வீசினார். பயிர் கருகருவென்று எழுந்தது. ஊரே மெச்சியது. பிறகு புகையான் விழுந்தது. மிஞ்சியது ஒரு மழையில் சாய்ந்தது. பவளமும் அப்படியே. நீரில் உரச்சத்து மிகுந்தால் பாசி அதை மூடிக்கொல்லும். காரத்தை மட்டும் அளவுக்கு மேல் ஏற்றினால் கிளைகளின் நுனி வெந்தது போல் வெளுத்துவிடும்.

இதற்கிடையில் மண்டபத்துக்குக் கல்விச் சுற்றுலா என்று அறிவிப்பு வந்தது. பணம் கட்ட வேண்டிய கடைசி நாளும் நெருங்கியது. ஓர் இரவு, சாப்பிட்டு முடித்த அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கல்லு வந்திருந்தா உன்னைப் புடிச்சிக்கிட்டுப் போயிருப்பானுவளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப பணத்தோட போச்சு" என்று படுத்துக்கொண்டாள்.

சம்பா நடவு மும்முரமாக நடந்த நேரம். சனி, ஞாயிறுகளில் நானும் நாற்றுப் பறிக்கப் போனேன். வண்ணமீன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சேற்றில் நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் போகும்போது, பவளத்தைத் துண்டாக்கி நட்டால் வேகமாக வளரும் அதிசயத்தை அவளிடம் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை.

"இதுல என்ன தம்பி அதிசயம்? நாத்தங்கால்லயே கெடந்தா நாத்து நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும். புடுங்கி எடம் விட்டு நட்டாதான் தூர் கட்டும். ஒத்த நாத்து நடச் சொல்லி ஆபீசருங்க வந்தப்ப நாங்கல்லாம் சிரிச்சோம். பதினாலு நாள் குஞ்சு நாத்து, குத்துக்கு ஒண்ணு, நடுவுல முழுசா எடம். வயலைப் பாத்தா பொட்டலா கெடந்துச்சு. பின்னால பாத்தா ஒவ்வொரு குத்தும் எப்படி வெடிச்சிருந்துச்சு தெரியுமா? ஆனா ஒண்ணு. ஆழமா அமுக்கி நட்டா தூர் கட்டாது. மேலாக வைக்கணும். பச்சை புடிக்கிற வரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாது."

நான் நாற்றுமுடியோடு நின்றுவிட்டேன். புளோரிடாவில் கைதவறிக் கண்டறிந்த உண்மைக்கு உறவான ஒன்றை, பள்ளிக்கூடம் முடிக்காத என் தாய் குனிந்தபடியே சொல்லிவிட்டாள். நாற்றை யாரும் இழுத்து வளர்ப்பதில்லை. நெருக்கத்தை நீக்குகிறோம். இடத்தையும் ஒளியையும் விடுகிறோம். வளர்வது அதன் வேலை.

நான்கு வாரக் கூலியில் சுற்றுலாப் பணத்தைக் கட்டினேன். அதில் பாதிக்கு மேல் அம்மாவின் கூலி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டியே பேருந்து போனது. மண்டபத்தில் 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தைப் பார்த்தோம். தொடக்க காலத்தில் அந்நிறுவனத்தின் தலைமையிடமே மண்டபம்தான். பிறகு பாம்பன் பக்கமிருந்து படகில் குருசடைத் தீவு. தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் தேடிப்போகும் தீவு அது. தெளிந்த நீருக்கடியில் பழுப்பும் பச்சையுமாகப் பவளம் பரந்திருந்தது. தொட்டிக் காட்சிகளில் கண்ட பளபளப்பு இல்லை. ஆனால் அதைச் சுற்றி மீன்கள் இருந்தன. எங்கள் ஊர் வாய்க்கால் மதகடியில் மீன்குஞ்சுகள் மொய்ப்பது போல் மொய்த்தன.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே இருந்தவை 21 தீவுகள். அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. தீவைக் காத்துநின்ற பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் வெட்டி எடுத்ததும், அதனால் அலையின் அரிப்பு மிகுந்ததும் அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். 1986-இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் சட்டம் இறுகியது. அதன்பின் சில ஆண்டுகளில்தான் வெட்டுதல் ஓய்ந்தது. அதைக் கேட்டபோது என் மனத்தில் ஒரு முள் தைத்தது. வெளிநாட்டார் பவளத்தை வளர்க்கச் சுண்ணாம்பு ஊற்றுகிறார்கள். நாமோ சுண்ணாம்புக்காகப் பவளத்தை எரித்திருக்கிறோம்!

ஆனால் நடவும் நடக்கிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டு முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வருகிறார்கள். அந்தந்த இடத்துக்கே உரிய வகையில் சிறு துண்டை எடுத்து, சிமெண்டுப் பலகையில் கட்டி, கான்கிரீட் சட்டத்தின் மேல் வைத்து, நீருக்குள் மூழ்கி நடுகிறார்கள். மணலில் வைத்தால் புதைந்துவிடும். ஆகவே உயர்த்தி வைக்கிறார்கள். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவின் முன் 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளையும் இறக்கியிருக்கிறார்கள். அவை அலையைத் தணிக்கின்றன. பவளக் குஞ்சுகள் வந்து ஒட்ட இடமும் தருகின்றன. குஜராத் கடலோரம் மிதாப்பூர் அருகே 2020-இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் இரும்புச் சட்டத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்திச் சுண்ணாம்பு படியவைத்து, அதில் பவளம் வளர்க்கும் முறையையும் முயன்றிருக்கிறார்கள். இந்த முறையை உலகெங்கும் பரப்பிய ஆய்வாளர்களுள் ஒருவர், முன்னே நான் சொன்ன ஜமைக்கா ஆய்வாளரின் மகனே.

இத்தனை செய்தாலும் ஒரு பகை நிற்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கடல்நீர் 31 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பவளம் தன் உடலிலுள்ள பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் பட்டினியால் சாகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பெரும் வெளிறல் நேர்ந்தது. வயலில் தண்ணீர் சூடேறினால் மடையைத் திறந்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டலாம். கடலுக்கு மடை இல்லை. உலகமே சேர்ந்து கரியமில வாயுவைக் குறைத்தால்தான் அந்தத் தண்ணீர் குளிரும். எவ்வளவு வேகமாக வளர்த்தாலும் இந்தச் சூட்டை முந்தி ஓட முடியாது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கரையில் செத்த பவளத் துண்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அம்மாவுக்குக் காட்ட ஒன்றை எடுத்துப்போகலாமா என்று கை நீண்டது. செத்ததையும் எடுக்கக் கூடாது என்று வனக்காவலர் முன்பே சொல்லியிருந்தார். கையை மடக்கிக்கொண்டேன். வெறுங்கையோடுதான் வீடு திரும்பினேன்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடலுக்கடியில் ஆட்கள் மூழ்கிப் பவளம் நடுகிறார்கள் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கும் குனியணுமா?" என்று கேட்டாள். ஆமாம், தண்ணீருக்குள் குனிய வேண்டும் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை நாள்ல பச்சை புடிக்கும்?" என்றாள்.

"துண்டு பலகையில் ஒட்டிக்கொள்ளவே சில மாதம் ஆகும் அம்மா. பாறையாக வேண்டுமானால் நம் ஆயுசு போதாது."

"அப்பறம் என்ன? நட்டதை ஆட்டாம இருந்தா சரி" என்று சொல்லி, தைலப் புட்டியை எடுத்துக்கொண்டாள்.

நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வீட்டின் நெருக்கடி நம்மை விரட்டுகிறது. எப்போது முடியும், எப்போது வேலை என்ற கேள்வி நாள்தோறும் காதில் விழுகிறது. அந்த விரட்டலில்தான் நான் குறுக்கு வழியில் இரண்டாயிரம் ரூபாயைத் தொலைத்தேன், நான்கு நத்தைகளையும் கொன்றேன். இப்போது சன்னலோரத்தில் இரண்டு பானைகளையும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே தீனி. ஒன்றில் மட்டும் முட்டை ஓடு. கோடு இட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அளக்கவில்லை.